நிழல் விழுந்த முகங்கள் – 9: ஆணுக்குப் பெயர், பெண்ணுக்கு வேடம்

1926இல் லண்டனில் ஒரு புகைப்படத் தொகுப்பு வெளிவந்தது. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் அவருடைய கணவர் லெனார்டும் நடத்திவந்த ஹோகார்த் பதிப்பகத்தின் வெளியீடு. விக்டோரியா காலத்துப் புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும் என்பது அதன் தலைப்பு. ஆண் என்றால் புகழ், பெண் என்றால் அழகு. பெண்ணுரிமைக்காக அவ்வளவு எழுதிய வுல்ஃப் இந்தத் தலைப்பைக் குறும்போடுதான் அனுமதித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் உள்ளே இருந்த படங்கள் அந்தப் பிரிவினையை அப்பட்டமாகவே செய்திருந்தன. அவற்றை எடுத்தவரும் ஒரு பெண்தான். வுல்ஃபுக்குப் பெரிய பாட்டி முறை. பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன்.

சென்ற வாரம் பார்த்த கிளெமென்டினா ஹவார்டன் தன் வீட்டு மாடியறையில் சொந்த மகள்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார். கேமரனோ ஊரையே ஸ்டூடியோவாக்கியவர். தெருவில் போகிறவர்களைக்கூடப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பார் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. அவர் கதை கல்கத்தாவில் தொடங்கி இலங்கை மலையகத்தில், நம்மவர்கள் காப்பிச் செடி நட்ட இடத்தில் முடிகிறது.

1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, தாயார் பிரெஞ்சு வம்சாவளி. அக்கா தங்கைகள் அழகுக்குப் பேர்போனவர்கள். அந்த வரிசையில் ஜூலியா மார்கரெட்டை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. அவரைக் கெட்டிக்காரி என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க அழகைத் துரத்தி ஓடியவரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சின்ன விஷயத்தை மறக்க முடிவதில்லை.

1836இல் உடம்பு தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குப் போன இடத்தில் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் தென்வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுக்க வந்திருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல். படம் மறையாமல் நிலைக்க ஹைப்போ என்னும் ரசாயனத்தைப் புகைப்படத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். பின்னாளில் கல்கத்தாவுக்குக் கடிதத்தோடு ஆரம்பகாலப் புகைப்படங்களையும் அனுப்பி, இப்படி ஒரு கலை உண்டு என்று ஜூலியாவுக்குக் காட்டியவரும் அவரே. இன்னொருவர் சார்ல்ஸ் ஹே கேமரன். ஜூலியாவைவிட இருபது வயது மூத்த சட்ட நிபுணர். 1838இல் கல்கத்தாவில் கல்யாணம்.

இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இந்தச் சார்ல்ஸைத் தெரிந்திருக்கும். கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழு என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அந்தக் கேமரன். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன குழு அது. கட்டாய ஊழியம் போனது. மலையில் காப்பித் தோட்டம் வந்தது. சார்ல்ஸும் அங்கே நிலம் வாங்கிப் போட்டார். 1848இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860இல் ஐல் ஆஃப் வைட் தீவில் ஃபிரஷ்வாட்டர் என்ற ஊரில், கவிஞர் டென்னிசனுக்கு அண்டை வீட்டுக்காரர்களாகக் குடியேறினார்கள். வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் அவர்கள் தோட்டம் இருந்த திம்புள்ளையின் நினைவாக வந்த பெயர்.

1863 டிசம்பர். சார்ல்ஸ் தோட்டம் பார்க்க இலங்கைக்குக் கப்பலேறியிருந்தார். அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். கேமரனுக்கு அப்போது 48 வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர், உறவில் அநாதையான பிள்ளைகளையும் வளர்த்தவர். நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறையானது. கோழிக் கொட்டகைதான் ஸ்டூடியோ. கோழிகளுக்கு விடுதலை கொடுத்தாயிற்று. 1864 ஜனவரி முடிவதற்குள் ஆனி என்ற சிறுமியின் முகம் கண்ணாடியில் சரியாக விழுந்துவிட, அந்தப் படத்தின் கீழே இதுவே தன் முதல் வெற்றி என்று எழுதிவைத்தார்.

அன்றைய முறை ஈரக் கொலோடியன். பெரிய கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் பிசின்போன்ற கொலோடியனை ஊற்றி நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்க்க வேண்டும். பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஒளி படாமல் கேமராவுக்குள் செருக வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்தாக வேண்டும், இருட்டறைக்கு ஓடிக் கழுவியும் ஆக வேண்டும். சில்வர் நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப்போகும். கேமரனின் கைகளும் உடுப்பும் மேசை விரிப்புகளும் எப்போதும் கறையோடுதான் இருந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையக் கூடாது. தலை ஆடாமலிருக்க மற்ற ஸ்டூடியோக்காரர்கள் பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவை வைப்பார்கள். கேமரனுக்கு அதெல்லாம் ஆகாது. ஆள் கொஞ்சம் அசைந்தால் அசையட்டும், முகம் கொஞ்சம் கலங்கினால் கலங்கட்டும். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் கண்ணுக்கு அழகாகப் படுகிறதோ அங்கே நிறுத்திவிடுவார்.

லண்டன் புகைப்படச் சங்கத்து ஆண்கள் சிரித்தார்கள். ஃபோகஸ் சரியில்லை, தகட்டில் கைரேகை, மூலையில் கீறல், அம்மையாருக்குத் தொழில் தெரியவில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் படத்தில் இருந்தது உண்மைதான். மூலை உடைந்த தகட்டிலிருந்துகூடப் பிரதி போட்டிருக்கிறார். வேலைக்காரப் பெண்ணைக் கிரேக்கக் கவி சாஃபோவாகக் காட்டும் படத்தில் அந்த உடைசல் இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. ஆனால் விசிட்டிங் கார்டு அளவிலான சின்னப் படங்களுக்கு நடுவில், சட்டகம் நிறைய ஒரே ஒரு தலை, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு என்று படம் எடுத்தவர் அவர். இன்று சினிமாவில் நாம் குளோசப் என்று சொல்வதை 1860களிலேயே செய்துகாட்டியவர். சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவர் படங்களை வாங்கியது. 1868இல் ஸ்டூடியோவாக வைத்துக்கொள்ள இரண்டு அறைகளையும் கொடுத்தது. அந்த அருங்காட்சியகத்துக்கு இப்போது விக்டோரியா–ஆல்பர்ட் என்று பெயர்.

பொழுதுபோக்குக்காரி என்று அவரை ஒதுக்கிவிடவும் முடியாது. எடுத்த படங்களைப் பதிப்புரிமைப் பதிவேட்டில் ஏற்றிவைத்தார். அப்படி ஏறியவை ஐந்நூறுக்கும் மேல். லண்டனில் கொல்நாகி என்ற படக்கடை மூலம் விற்றார். காப்பி வருமானம் தள்ளாடிக்கொண்டிருந்த வீட்டுக்கு அந்தக் காசு தேவைப்பட்டது.

இனி படங்களுக்கு வருவோம். 1867இல் எடுத்த ஹெர்ஷல் படம். தலையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, வெள்ளை முடியைக் கலைத்துவிட்டு எடுத்தாராம். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் முகம் எழுந்து வருகிறது. கண்ணுக்கு அடியில் தொங்கும் தோல், நெற்றியில் சுருக்கம், எதையும் மறைக்கவில்லை. கீழே பெயர்: ஹெர்ஷல். எழுத்தாளர் கார்லைல் படத்திலும் அவருடைய பெயர்தான், 1868 கோடையில் ஃபிரஷ்வாட்டரில் வந்து தங்கிய டார்வின் படத்திலும் அவருடைய பெயர்தான். டென்னிசன் மட்டும் தன் படம் ஒன்றைப் பார்த்து அழுக்குத் துறவி மாதிரி இருக்கிறேன் என்று கேலி செய்ய, அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது. அதுவும் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டதுதான்.

பெண்கள் பக்கம் திரும்பினால் ஒருத்திக்கும் சொந்தப் பெயரில் நிற்க இடம் கிடைப்பது கஷ்டம். மேரி ஹில்லியர் உள்ளூர்ப் பெண், கேமரன் வீட்டு வேலைக்காரி. அவள்தான் மடோனா, அவள்தான் சாஃபோ, கல்லறையில் நிற்கும் தேவதையும் அவள்தான். மாதாவாக அத்தனை முறை உட்கார்ந்ததில் ஊரார் அவளை மேரி மடோனா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு தோட்டக்காரர் ஒருவரை மணந்து, பிள்ளைகள் பெற்று, 1936 வரை வாழ்ந்தார். மாதா வேடத்தில் அத்தனை படம் இருக்கும்போது, வாளி தூக்கி நிற்கும் வேலைக்காரி மேரியின் படம் ஒன்றுகூட எடுக்கக் கேமரனுக்குத் தோன்றவில்லை.

எலன் டெரி வேறு மாதிரி. பின்னாளில் இங்கிலாந்து மேடையையே ஆண்ட நடிகை. 1864இல் அவருக்குப் பதினேழு வயது. நாற்பதுகளின் பிற்பாதியிலிருந்த ஓவியர் ஜி. எஃப். வாட்ஸை அப்போதுதான் மணந்திருந்தார். ஃபிரஷ்வாட்டருக்கு வந்த புதுமணப்பெண்ணைச் சுவரில் சாய்ந்து, கண் மூடி, கழுத்து மாலையை விரலால் பற்றியபடி நிற்கவைத்து எடுத்தார் கேமரன். டென்னிசன் வீட்டுக் குளியலறையில் எடுத்தது என்று சொல்வார்கள். தலைப்பு ‘சோகம்’. ஒரு வருஷம் முடிவதற்குள் அந்தத் தம்பதி பிரிந்துவிட்டார்கள். வேடம் போடச் சொன்ன இடத்தில் உண்மை தானாக வந்து விழுந்துவிட்டது என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெண்ணின் பெயர் படத்தில் இல்லை, உணர்ச்சியின் பெயர்தான் இருக்கிறது.

மேரி ரயனின் கதையைச் சொல்லாமல் போனால் தமிழ் வாசகருக்குத் துரோகம். அயர்லாந்துக்காரப் பிச்சைக்காரி ஒருத்தி தன் மகளோடு லண்டனை ஒட்டிய பட்னி வெளியில் கேமரன் கண்ணில் பட்டாள். குழந்தையின் முகத்தில் மயங்கிய கேமரன் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, படிக்கவைத்து, வேலைக்காரியாகவும் வைத்துக்கொண்டார். வளர்ந்த அந்த மேரியைப் படங்களில் பார்த்து மனம் பறிகொடுத்தார் ஹென்றி காட்டன் என்ற இளைஞர். 1867இல் இருவருக்கும் திருமணம். கேமரன் சும்மா இருப்பாரா? மாப்பிள்ளையையும் பெண்ணையும் ரோமியோ ஜூலியட்டாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்துவிட்டார். அந்த ஹென்றி காட்டன் பிறந்த ஊர் நம் கும்பகோணம். வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்து அஸ்ஸாமின் சீஃப் கமிஷனர் வரை உயர்ந்து, ஓய்வுக்குப் பின் 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். பட்னி வெளியில் கையேந்திய சிறுமி லேடி காட்டன் ஆனாள். கேமரன் எடுத்த படங்களில் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டவை மேரி ரயனின் படங்கள்தான் என்று சொல்வேன். அதுவும் அவள் முகத்தால் நடந்தது. அவள் என்ன நினைத்தாள் என்பதற்குப் படத்தில் இடமில்லை.

இந்த வரிசையில் ஒரே ஒரு பெண் தப்பித்தாள். கேமரனின் தங்கை மகள், ஞானஸ்நான மகளும்கூட, ஜூலியா ஜாக்சன். அவரும் கல்கத்தாவில் பிறந்தவர். பெரியம்மாவின் பெயரையே வைத்திருந்தார்கள். கேமரன் அவரை ஐம்பது தடவைக்கும் மேல் படம் எடுத்திருக்கிறார். 1867 ஏப்ரலில், ஹெர்பர்ட் டக்வொர்த்துடன் கல்யாணம் நிச்சயமாகி அடுத்த மாதம் நடக்கவிருந்த சமயம் எடுத்தவை அவற்றில் உச்சம். ஒன்றில் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதால், காதுக்குக் கீழிருந்து மார்பெலும்பு வரை ஓடும் கழுத்துத் தசை கயிறுபோல விறைத்து நிற்பது தெரிகிறது. நகை கிடையாது, கையில் பூ கிடையாது. இன்னொன்றில் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. கூந்தல் அவிழ்ந்து கிடந்தாலும் அது வசீகரிப்பதற்காக அவிழ்த்த கூந்தலாகத் தெரியவில்லை. ஹெர்ஷலுக்கும் கார்லைலுக்கும் கொடுத்த அதே வெளிச்சத்தை, அதே மரியாதையை, கேமரன் இந்த இருபத்தோரு வயதுப் பெண்ணுக்கும் கொடுத்தார். கீழே பெரும்பாலும் அவள் பெயர்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஜாக்சன், பின்னால் மிஸஸ் ஹெர்பர்ட் டக்வொர்த். (கணவர் பெயர் வந்து ஒட்டிக்கொள்வதை அந்தக் காலத்தில் யார் தடுக்க முடியும்!) மூன்றே வருஷத்தில் கணவர் இறந்தார். பிறகு லெஸ்லி ஸ்டீஃபனை மணந்து அவர் பெற்ற பெண்களில் ஒருவர்தான் வர்ஜீனியா வுல்ஃப். 1927இல் வந்த ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலின் மிஸஸ் ராம்ஸேயாக அந்த அம்மாவை மகள் எழுத்தில் வார்த்தார். அதற்கு முந்தின வருஷம் வந்தது நாம் தொடக்கத்தில் பார்த்த படத்தொகுப்பு.

ஆக, பெண்ணைப் பெண்ணாக எடுக்கக் கேமரனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், சொந்த ரத்தத்துக்குத்தான் அதைச் செய்தார். மற்றவர்களை மாதாவாக்கினார், மோகினியாக்கினார்.

இப்போது காப்பிக்கு வருவோம். டிம்போலா வீட்டு வருமானத்தில் பெரும்பங்கு இலங்கைத் தோட்டங்களை நம்பியிருந்தது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன நம் ஜனங்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மேரி ஹில்லியரை மாதாவாக்கிய கண்ணாடித் தகட்டுக்கும் சில்வர் நைட்ரேட்டுக்கும் போன பணத்தில் அவர்கள் உழைப்பும் இருந்தது. கேமரனைப் பற்றி எழுதப்படும் அழகான புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

1869இல் இலங்கைக் காப்பி இலைகளில் துரு நோய் கண்டது. தோட்டம் தோட்டமாகச் செடிகள் பட்டுப்போயின. கடன் ஏறியது. 1875இல் கேமரன் தம்பதி இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி, மகன்கள் இருந்த இலங்கைக்கே வந்துவிட்டார்கள். சாமான்களோடு ஒரு பசுமாட்டையும், அந்த ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றினார்கள் என்பது பிரபலமான கதை. பெட்டிகள் வெறுமனே வரவில்லை. உள்ளே பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அடைத்திருந்ததாம்.

இலங்கையில் கேமரன் எடுத்த படங்களில் இன்று முப்பதுகூடத் தேறவில்லை. சூட்டில் கொலோடியன் சீக்கிரம் காயும், நல்ல தண்ணீரும் ரசாயனமும் சுலபத்தில் கிடைக்காது, வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. 1877 தொடக்கத்தில் களுத்துறையில் மகன் வீட்டில் இருந்தபோது மரியான் நார்த் வந்து தங்கினார். உலகம் சுற்றிச் செடிகொடிகளை வரைந்த ஓவியர். லண்டன் கியூ தோட்டத்தில் இவர் படங்களுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. நாற்பத்தாறு வயது, தனியாகக் கடல் தாண்டித் திரிந்த பெண். கேமரன் அவரை என்ன செய்தார் என்று நார்த்தே தன் நினைவுக் குறிப்புகளில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். களுத்துறை வெயிலில் காஷ்மீர் கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த நிற்கவைத்து, இயல்பாக இரு என்றாராம்! தூரிகையோடு ஓவியப் பலகை முன்னால் இருக்கிற நார்த் படமும் உண்டு என்பது ஆறுதல்.

நார்த் இன்னொன்றும் சொல்கிறார். உள்ளூர் ஆள் ஒருவருடைய முதுகு அபார அழகு என்று கேமரனுக்குத் தோன்றிவிட்டது. உடனே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி மகனை வற்புறுத்தினார். அந்த வீட்டில் தோட்டமே இல்லை.

மிஞ்சிய படங்களில் ஒன்று களுத்துறைக் குடியானவர்கள் மூவரைக் காட்டுகிறது. ஓர் இளம்பெண், இரண்டு ஆண்கள், அவர்களில் ஒருவர் முதியவர். கீழே கேமரன் கைப்பட எழுதிய குறிப்பு: பெண்ணுக்கு வயது பன்னிரண்டு, கிழவர் அவளுக்குத் தான் தகப்பன் என்கிறார், தனக்கு வயது நூறு என்றும் சொல்கிறார். கிழவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அளவுக்குப் பேச்சு நடந்திருக்கிறது. வயது கேட்டிருக்கிறார்கள், உறவு கேட்டிருக்கிறார்கள். பெயர் இல்லை. தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்த பெண்களைத் தனியாக எடுத்த படங்களிலும் இதே கதைதான். இன்று அருங்காட்சியகங்களில் அவர்கள் ‘இளம்பெண், இலங்கை’ என்ற ரீதியில்தான் தொங்குகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே காலத்தில், 1868 முதல் 1875 வரை, இந்திய மக்களை இனம் பிரித்துக் காட்டும் எட்டுப் பாகப் புகைப்பட நூலைப் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொருவரும் ஒரு சாதிக்கு, ஒரு குலத்துக்கு மாதிரி. கேமரன் அந்த வேலையைச் செய்யவில்லை. முகத்தைத்தான் பார்த்தார், வெளிச்சத்துக்குத்தான் காத்திருந்தார். களுத்துறைப் பெண்ணின் பார்வையில் ஒரு தயக்கமும் ஒரு திடமும் சேர்ந்து இருப்பதைக் கேமரனின் அந்தக் கண்தான் நமக்குச் சேமித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் மேரி ஹில்லியருக்கு மாதா வேடமாவது கிடைத்தது. அவள் யார் என்பதும் பிற்பாடு எழுதிவைக்கப்பட்டது. களுத்துறைப் பெண்ணுக்கு வேடமும் இல்லை, பெயரும் இல்லை. கேமரன் படங்களில் ஆண், வெள்ளைப் பெண், கறுப்புப் பெண் என்று மூன்று படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைக் கட்டியது லென்ஸ் அல்ல, படத்தின் கீழே எழுதிய பேனா.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கெயர்ன் தோட்டத்தில் கேமரன் இறந்தார். அடுத்த வருஷம் சார்ல்ஸும் போனார். இருவர் கல்லறையும் பொகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்தில் இருக்கிறது. சுற்றிலும் இப்போது காப்பி இல்லை, தேயிலை. மலையகம் போகிற வாசகர்கள் ஓர் எட்டு போய்ப் பார்க்கலாம்.

அடுத்த வாரம் சென்னைக்குத் திரும்புகிறோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அளவுகோலும் கேமராவுமாக உட்கார்ந்து, வந்தவர் தலையையும் மூக்கையும் அளந்த எட்கர் தர்ஸ்டன் காத்திருக்கிறார்.